வண்டும் களஞ்சியமும்: தானியப் பீடைகளின் நஞ்செதிர்ப்புப் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நாம் வாழும் களுபோவிலப் பகுதியிலும் அயலிலுள்ள வெள்ளவத்தையிலும் கடைக்கு அரிசி வாங்கச் செல்வோரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அரிசியில் இரண்டொரு வண்டுகள் ஊர்ந்தால் அது ‘மருந்து படாத அரிசி’ என்றும், ஆகவே உடலுக்குத் தீங்கற்றது என்றும் கடைக்காரர் கூறுவார். வாங்குவோரும் அதனை ஏற்பர். வண்டு வாழக்கூடிய இடத்தில் நஞ்சு இருக்கமுடியாது என்பது இந்நம்பிக்கையின் அடிப்படைத் தருக்கம். நமது தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அனுபவ அறிவு இது. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

ஆனால் இன்று இந்தத் தருக்கம் செல்லுபடியாவதில்லை. களஞ்சியத்தில் ஒருமுறையன்று, பலமுறை நச்சுவாயு செலுத்தப்பட்ட தானியத்திலும் வண்டு உயிருடன் இருக்கலாம். வாயு கலைந்தபின் புதிதாக வந்து புகுந்த வண்டாக அது இருக்கலாம். நஞ்சிலிருந்து தப்பிப் பிழைத்து, அவ்வாறு பிழைக்கும் ஆற்றலைத் தன் சந்ததிக்கு வழங்கிய வண்டாகவும் இருக்கலாம். வெறுங்கண்ணால் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது. மக்களின் அனுபவ அறிவு பிழையாகிப் போனமைக்கு அவர்களது சிந்தனைக் குறைபாடு காரணமன்று. அவர்களுக்குப் புலப்படாத இடங்களில், அவர்களைக் கலந்துகொள்ளாது நிகழ்ந்த மாற்றங்களே காரணம். அம்மாற்றங்களை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வாளர் வண்டு பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் தானியச் சேமிப்பு என்பது உபரியின் வரலாறு. உபரியின் வரலாறு வர்க்கங்களின் வரலாறு. பெரும்பாணாற்றுப்படை ஏணிக்கும் எட்டாத உயர்ந்த நெற்கூடுகளைப் பாடும்போது, அக்கூடுகள் எவருடையவை, அவற்றை நிரப்பியவர் எவர் என்ற வினாக்களை நாம் எழுப்பியே வந்திருக்கிறோம். அக்கூட்டினுள் வேறு என்ன வாழ்ந்தது என்ற வினாவும் அவற்றோடு தொடர்புடையதே.

2

சேமிப்புத் தானியத்தைத் தாக்கும் வண்டுகளுள் மூன்று நமது கவனத்துக்குரியன. முதலாவது அரிசிக் கூன்வண்டு. இதன் பெண் தானியமணியைத் துளைத்து முட்டையிட்டுத் துளையை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே வளர்ந்து முழு வண்டாக வெளிவரும். நமது வெப்பநிலையில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதமே போதும். இரண்டாவது தானியத் துளைப்பான். நெல்லையும் கோதுமையையும் பெருமளவில் பாழாக்குவது. மூன்றாவது செம்மாவண்டு, உடைந்த மணியிலும் மாவிலும் பெருகுவது. சிங்கள மக்கள் ‘குல்லா’ என்றும் நாம் பொதுவாக ‘வண்டு’ என்றும் வழங்குவன இவையே. உளுத்தல் என்ற வினை மரத்துக்கும் பயறுக்கும் மட்டுமன்றி, உட்கெட்டுப் புறத்தே முழுமையாகத் தோன்றும் மனித நிறுவனங்களுக்கும் தமிழில் ஆகிவந்தமைக்கு மணிக்குள் மறைந்து வாழும் இவ்வாழ்க்கை முறையே காரணம் எனலாம்.

இவ்வுயிரினங்களின் பெருக்கம் மனிதனின் களஞ்சியத்தோடு பிணைந்தது. கூன்வண்டின் நெருங்கிய இனமொன்று பறக்கும் ஆற்றலையே இழந்து, மனிதன் சேமித்த தானியத்தை மட்டும் நம்பி வாழ்வதாகும். பண்டைய எகிப்தின் கல்லறைகளிலும், உரோமர் ஆட்சிக்கால பிரித்தானியாவின் யோர்க் நகரக் களஞ்சிய எச்சங்களிலும் அது கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரோமப் படையின் தானியத்துடனேயே அது பிரித்தானியா சென்றதென ஆய்வாளர் கருதுவர். பேரரசு தானியத்தைக் குவித்த இடமெங்கும் வண்டும் குவிந்தது. எனவே இதனை இயற்கையின் தாக்குதல் என்று மட்டும் கூறுவது அரைகுறை விளக்கமே. சமூகம் தன் உற்பத்தியை எவ்வாறு குவிக்கிறதோ, அக்குவிப்பின் இயல்புக்கேற்பவே பீடையும் அமைகிறது.

யாழ்ப்பாணத்துக் கொம்பறை, சிங்களக் கிராமங்களின் மண்பூசிய பிஸ்ஸ, மரத்தாலான அட்டுவ ஆகியன ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு கிராமத்தின் தேவைக்காக அமைந்தவை. நெல் உமியுடன் சேமிக்கப்பட்டது; வெயிலில் காய்ந்தது; வேப்பிலையும் நொச்சியும் சாம்பலும் இடப்பட்டன; தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் குற்றப்பட்டது. நெல்லைப் புழுக்கும் வழக்கமும் மணியை இறுகச்செய்து வண்டின் தாக்கத்தைக் குறைத்தது. இழப்பு இருந்தது; ஆனால் இழப்பு ஏற்பட்ட கூடு வேறு, அடுத்த ஊர்க்கூடு வேறு. ஒரே வகையான அழிவு முறைக்குப் பெருந்தொகையான வண்டுகள் ஒருங்கே உட்படும் நிலை அங்கில்லை.

3

குடியேற்ற ஆட்சி இவ்வமைப்பை உடைத்தது. பெருந்தோட்டப் பொருளாதாரம் வேரூன்றியதும் இலங்கை தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. புறக்கோட்டையிலே செட்டிமாரும் பிற இந்திய வணிகரும் இவ்வணிகத்தில் முதன்மை பெற்றனர். தோட்டத் தொழிலாளருக்குத் தோட்ட நிருவாகமே அரிசி வழங்கி, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. இவ்வாறு அரிசி வயலிலிருந்து வாய்க்குச் செல்லும் பாதை நூற்றுக்கணக்கான மைல் நீண்டது. கப்பலும் துறைமுகமும் களஞ்சியமும் தோட்டத்து அரிசிக்காம்பராவும் அப்பாதையின் தரிப்பிடங்களாயின. அவை ஒவ்வொன்றும் வண்டுக்கும் தரிப்பிடமாயிற்று.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அப்பாதை அறுந்தது. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைகள் பெருகின. அரசே நாட்டின் மிகப் பெரிய தானியக் களஞ்சியக்காரனாயிற்று. பங்கீட்டு அரிசி அதன்பின் ஓர் அரசியல் உரிமையாக மாறியது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று ஓகஸ்ட் 12ஆந் திகதி மக்கள் நடத்திய ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் பதவி விலகலுக்கு வழிகோலியது. 1952இல் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தமும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபையும் இவ்வரலாற்றின் தொடர்ச்சிகளே. இந்தியாவிலும் இதற்கு ஒப்பான வளர்ச்சியைக் காணலாம். 1965இல் தோன்றிய இந்திய உணவுக் கழகம் தன் முதலாவது மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரிலேயே திறந்தது.

அரசு தானியத்தைக் கையேற்றமை முற்போக்கான நடவடிக்கை என்பதில் நமக்கு ஐயமில்லை. பஞ்சத்துக்கும் பதுக்கலுக்கும் எதிராக மக்கள் போராடிப் பெற்ற அரண் அது. ஆயினும் ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் விடமுடியாது. அரிசியின் விலையைப் பற்றி அளவின்றி விவாதித்த நம்மவர், அது கிடந்த களஞ்சியத்தின் கூரையைப் பற்றியும் தரையைப் பற்றியும் பேசியது மிகக் குறைவு. விநியோகத்தின் அரசியலை நாம் அறிந்திருந்தோம். சேமிப்பின் அரசியலை அறிந்திருக்கவில்லை.

4

பெருங்களஞ்சியத்தில் வேப்பிலை பயன்படாது. அவ்விடத்தை இரசாயனம் நிரப்பிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.ரி., அதன்பின் மலத்தியன் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுநஞ்சுகள் வந்தன. மெதைல் புரோமைட்டு, பொஸ்பீன் ஆகிய இரண்டும் வாயுக்களாகச் செயற்பட்டு மணிக்குள் இருக்கும் புழுவையும் எட்டின. அலுமினியம் பொஸ்பைட்டு வில்லை காற்றின் ஈரத்துடன் சேர்ந்து பொஸ்பீனை வெளிவிடும். 3 கிராம் வில்லை ஏறத்தாழ 1 கிராம் வாயுவைத் தரும். விலை குறைவு, கையாள்வது எளிது, தானியத்திற் தங்கும் எச்சமும் சிறிது. இவ்வில்லைகளை உலகெங்கும் பரப்பிய நிறுவனங்களுள் முதன்மையானது ஜேர்மனியின் டெகெஷ் என்பதும், களஞ்சியங்களிலும் கப்பல்களிலும் பூச்சி கொல்லவென அது விற்ற மற்றொரு நச்சுப்பொருளே நாசிகளின் வதைமுகாம்களில் மனிதரைக் கொல்லப் பயன்பட்டது என்பதும் வரலாறு மறக்கக்கூடாத செய்திகள்.

பூச்சிகள் நஞ்சுக்கு ஈடுகொடுக்கும் என்பது புதிய செய்தியன்று. ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பழத்தோட்டங்களில் கந்தகச் சுண்ணக் கலவைக்குச் செதிற்பூச்சிகள் இறக்க மறுத்தமை பற்றி மெலண்டர் 1914இலேயே எழுதினார். செம்மாவண்டின் மலத்தியன் எதிர்ப்பு 1960களின் தொடக்கத்தில் நைஜீரியாவிற் கண்டறியப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1972-73இல் நடத்தி, சாம்ப், டைட் ஆகிய இருவரின் அறிக்கையாக 1976இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். சோதிக்கப்பட்ட செம்மாவண்டுக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவை மலத்தியனை எதிர்த்தன. பொஸ்பீனைப் பொறுத்தவரை, 82 நாடுகளிலிருந்து பெறப்பட்ட 849 வண்டுக்கூட்டங்களில் ஏறத்தாழ பத்திலொரு பங்கில் அதனை எதிர்க்கும் வண்டுகள் இருந்தன. மலத்தியனின் கதை முடிந்துகொண்டிருந்தது. பொஸ்பீனின் கதையில் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. 1983இல் வங்காளதேசத்தின் உணவுக் களஞ்சியங்களில் பொஸ்பீன் பயனளிக்காது போனமை பற்றிய ஆய்வு வெளிவந்தது. பஞ்சாபில் கப்ரா வண்டு பொஸ்பீனை எதிர்க்கத் தொடங்கியமை பற்றிய செய்தி அதற்கு முன்னரே, 1979இல், வெளியாகியிருந்தது.

இவ்விடத்தில் எதிர்ப்பாற்றல் எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தெளிவுபடுத்துதல் அவசியம். வண்டு நஞ்சுக்குப் ‘பழகிவிட்டது’ என்று பேச்சு வழக்கிற் கூறுகிறோம். இது பிழையான கூற்று. தனியொரு வண்டு தன் வாழ்நாளிற் பழகி அப்பழக்கத்தைச் சந்ததிக்குக் கடத்துவதில்லை. கூட்டத்தில் மிகச் சிலவற்றிடம் ஏற்கெனவே மாறுபட்ட பரம்பரையலகு இருக்கும். நஞ்சு ஏனையவற்றைக் கொல்ல அவை எஞ்சிப் பெருகும். இது டார்வினின் இயற்கைத் தேர்வு. மார்க்சியர் என்ற வகையில் இதனை அழுத்திக் கூறும் கடமை நமக்கு உண்டு. பெற்ற இயல்புகள் மரபுரிமையாகும் என்ற லைசென்கோவின் கொள்கையை 1948இல் சோவியத் விவசாய விஞ்ஞானக் கழகம் அதிகாரபூர்வமாக ஏற்றதும், மரபியலாளர் பலர் ஒடுக்கப்பட்டதும் பொருள்முதல்வாதத்தின் பெயரால் நிகழ்ந்த தவறுகள். இயங்கியல் என்பது இயற்கையின்மீது நாம் திணிக்கும் விருப்பமன்று.

பொஸ்பீன் எதிர்ப்பின் பரம்பரையலகு அடிப்படை பெருமளவு தெளிவாகியிருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து ஆய்வாளர் தானியத் துளைப்பானில் இரு முக்கிய பரம்பரையலகுகளைக் கண்டனர். ஒன்று மட்டும் மாறியிருப்பின் எதிர்ப்பு மிதமானது. இரண்டும் மாறியிருப்பின் சாதாரண வண்டைக் கொல்லும் அளவைப்போல 250 மடங்குக்கு மேற்பட்ட வாயுவையும் வண்டு தாங்கும். இவற்றுள் ஒன்று, உயிர்க்கலத்தின் சத்தி உற்பத்தியிற் பங்குகொள்ளும் ஒரு நொதியத்துக்குரியது என்பதை 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு நிறுவியது. இந்தியக் களஞ்சியங்களின் வண்டுகளிலும் அதே நொதியத்தின் மாற்றங்கள் பின்னர் காணப்பட்டன.

இம்மாறுபாடுகள் பெரும்பாலும் பின்னிடைவானவை என்பது நமது வாதத்துக்கு முக்கியமானது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து மட்டும் அதனைப் பெற்ற வண்டு முழு அளவு வாயுவில் இறந்துவிடும்; குறைந்த அளவிற் பிழைத்துவிடும். அவ்வாறு பிழைத்தவை தம்முட் கூடும்போதே முழு எதிர்ப்புடைய சந்ததி தோன்றுகிறது. பொஸ்பீனின் செயற்பாட்டில் அளவைவிடக் காலமே முதன்மையானது. முட்டையும் கூட்டுப்புழுவும் வாயுவை அதிகம் தாங்குவன ஆதலால், அவை அடுத்த பருவத்தை எய்தும்வரை, அதாவது ஏழு நாள் அளவுக்கு, வாயு கசியாமல் நிற்கவேண்டும். ஓட்டை விரிப்பும் வெடித்த தரையும் அவசரமான திறப்பும் வாயுவைப் பாதியில் வெளியேற்றிவிடும். திரும்பத் திரும்பச் செய்யப்படும் அரைகுறைப் புகையூட்டலே எதிர்ப்பை வளர்க்கிறது என்பதை 1980களின் ஆய்வுகள் வற்புறுத்தின.

ஆகவே வினா பின்வருமாறு மாறுகிறது: புகையூட்டல் ஏன் அரைகுறையாகிறது? நமது நோக்கில், பயன் பெறுமதியும் பரிமாற்றப் பெறுமதியும் முரண்படும் இடம் இதுவே. தானியம் உணவாக நிலைத்திருக்க அது ஏழு நாள் அசையாது மூடிக்கிடக்கவேண்டும். பண்டமாக இலாபம் தர அது அசைந்துகொண்டேயிருக்கவேண்டும். களஞ்சிய வாடகை, வங்கி வட்டி, விலை ஏறும் நாளிற் சந்தையை எட்டும் அவசரம் ஆகிய யாவும் மூன்றாம் நாளே விரிப்பை அகற்றத் தூண்டுவன. அரசுக் களஞ்சியத்தில் இலாப அவசரம் இல்லாதிருக்கலாம். ஆனால் ஒதுக்கப்படாத பராமரிப்புச் செலவு அதே விளைவைத் தந்தது.

5

கொசுவின் வரலாறு நமக்கு ஓர் ஒப்பீட்டை வழங்குகிறது. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சூரியமல் இயக்கத்து இளைஞர் கிராமங்களில் நிவாரணப் பணியாற்றிய அனுபவம், 1935 இறுதியில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியமைக்குரிய பின்னணிகளுள் ஒன்று. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பால் நோய் வேகமாகத் தணிந்து 1963இல் 17 பேரளவில் நின்றது. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. கொசுக்களில் டி.டி.ரி. எதிர்ப்பும் பரவ, 1970களின் பிற்பகுதியில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. எனினும் 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. இவ்வெற்றி ஏதோவொரு நஞ்சினால் மட்டும் கிட்டியதன்று. நஞ்சு தோற்றபின்னும் தொடர்ந்த இரத்தப் பரிசோதனை, களப்பணி, இலவசச் சிகிச்சை ஆகிய பொது நிறுவனங்களின் வெற்றி அது.

தானியத் துறையில் அத்தகைய நிறுவனத் தொடர்ச்சி பேணப்படவில்லை. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் நெற் கொள்வனவைப் படிப்படியாகத் தனியார் கைக்கு மாற்றியது. இன்று சந்தையின் பெரும்பகுதி பொலன்னறுவையை அண்டிய சில பெரும் ஆலையாளரின் பிடியில் உள்ளது. 2015இல் அரசு கொள்வனவு செய்த நெல்லை வைக்க இடமின்றி, மத்தள விமான நிலையத்தின் சரக்குக் கட்டடம் நெற்களஞ்சியமாக்கப்பட்டது. பெருங்கடனில் எழுந்த விமான நிலையம் வெறுமையாகக் கிடக்க, விவசாயியின் நெல்லுக்குக் களஞ்சியம் இல்லாதிருந்தமை நமது அபிவிருத்தியின் இயல்பை எவ்வித விளக்கவுரையுமின்றி உணர்த்தும்.

இதே காலத்தில் மற்றொரு கதவும் மூடியது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி மெதைல் புரோமைட்டின் பொதுப் பயன்பாடு வளர்ந்த நாடுகளில் 2005இலும் வளர்முக நாடுகளில் 2015இலும் நிறுத்தப்படவேண்டியதாயிற்று. தொற்றுத்தடைக் காப்புக்கும் ஏற்றுமதிக்கு முந்திய புகையூட்டலுக்கும் விலக்களிக்கப்பட்டது. இது சரியான முடிவே. ஆனால் அதன் விளைவாக ஏழை நாடுகளின் தானியம் பொஸ்பீன் என்ற ஒரே மலிவான வாயுவை நம்பவேண்டியதாயிற்று. எதிர்ப்பு வளர்ந்த இடத்தில் செல்வந்த நாடுகள் எஃகுக் கொள்கலனும் குளிரூட்டலும் விலைகூடிய மாற்று வாயுவும் கையாளலாம். நமது களஞ்சியக்காரரோ வில்லைகளின் தொகையைக் கூட்டுவார். அப்போது முதலில் அவ்வாயுவைச் சுவாசிப்பவர் மூட்டை இறக்கும் நாட்டாமைத் தொழிலாளரே. பொஸ்பீன் நச்சுக்குத் தனி மாற்றுமருந்து கிடையாது. வண்டின் எதிர்ப்பாற்றல் கூடக்கூட மனிதனின் ஆபத்தும் கூடுகிறது. மனிதனுக்கு அவ்வாறான எதிர்ப்பாற்றல் வாய்ப்பதில்லை.

6

இந்நிலைக்கு இருவகைத் தீர்வுகள் முன்வைக்கப்படுவதுண்டு. வலிமைமிக்க புதிய நஞ்சைக் கண்டுபிடித்தால் போதும் என்பது முதலாவது. டி.டி.ரி.யிலிருந்து மலத்தியனுக்கும் மலத்தியனிலிருந்து பொஸ்பீனுக்கும் சென்ற பாதையே இதன் மறுப்பாகும். நஞ்சை விற்பவனுக்கு ஒவ்வொரு தோல்வியும் ஒரு புதிய சந்தை, உண்பவனுக்கு அவ்வாறன்று.

இரண்டாவது, முன்னோர் முறைக்கு மீள்வோம் என்பது. தமிழ், சிங்களத் தேசியவாதிகள் இருசாராரும் இதில் ஒன்றுபடக் காண்கிறோம். 2021இல் இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் ஒரே ஆணையாற் தடுக்கப்பட்டு, அறுவடை வீழ்ச்சியும் விவசாயியின் எதிர்ப்பும் கண்டு அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டமை இக்கற்பனையின் விலையை உணர்த்தியது. கொம்பறை ஒரு குடும்பத்தைக் காத்தது. இருகோடிக்கு மேற்பட்ட மக்களை அது காக்காது. மரபிலிருந்து நாம் பெறவேண்டியது வேப்பிலையை மட்டுமன்று. உண்பவனும் உழைப்பவனும் தன் தானியத்தைத் தானே கண்காணித்த உறவையும் பெறவேண்டும்.

காற்றுப்புகாத உறைகளில் நெல்லைச் சேமித்தால் வண்டும் நெல்லும் சுவாசிப்பதால் உள்ளிருக்கும் ஒட்சிசன் குறைந்து, வண்டு நஞ்சின்றியே மடியும். இம்முறை இலங்கையிலேயே பரிசோதிக்கப்பட்டு அதன் முடிவுகள் 1991இல் ஆய்விதழொன்றில் வெளிவந்தன. அநுராதபுரத்தில் அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பத்துக்கென ஒரு நிறுவனமும் உண்டு. ஆகவே குறைபாடு அறிவில் இல்லை. களஞ்சியத்தைச் சீர்செய்யும் முதலீடு, வாயுவை முழுக்காலம் நிறுத்திவைக்கும் ஒழுங்கு, வண்டுகளைச் சேகரித்து எதிர்ப்பைச் சோதித்து முடிவுகளைப் பகிரங்கப்படுத்தும் பொது ஆய்வு, தொழிலாளருக்குப் பாதுகாப்பு ஆகிய நான்கும் சந்தையின் இயல்பான போக்கில் தோன்றமாட்டா. கூட்டுறவு இயக்கமும் தொழிற்சங்கமும் பல்கலைக்கழகமும் இவற்றைக் கோரிக்கைகளாக முன்வைக்கவேண்டும்.

களுபோவிலக் கடையில் அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கும் பெண்ணுக்கு அவ்வரிசி எக்களஞ்சியத்தில் எத்தனை நாள் கிடந்தது, எத்தனை முறை புகையூட்டப்பட்டது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. 1953இல் அவளது பாட்டி அரிசியின் விலையைப் பற்றிக் கேட்ட வினா ஓர் அமைச்சரவையை அசைத்தது. அரிசி கடந்துவந்த பாதையைப் பற்றிக் கேட்கும் வினாவும் அதே வினாவின் தொடர்ச்சிதான். அதனைக் கேட்பதற்கு வேண்டிய அறிவை மக்களிடம் சேர்ப்பது நம்மைப் போன்றோரின் பொறுப்பாகும்.